மேஸ், மேன்டில், காப்: சென்டர் ஃபீல்டர்களில் யார் முதலிடம்? எண்களை வைத்துப் பேசுவோம்

செழியன்

ஹோம் ரன் பட்டியல், ஹிட் பட்டியல் என்று தனித்தனியாக நிறையப் பேசிவிட்டோம். இந்த இழையில் சென்டர் ஃபீல்டர்களை (களத்தின் பின்பகுதியில் நடுவே நின்று தடுப்பவர்களை) மட்டும் எடுத்துக்கொள்வோம். அமெரிக்க பேஸ்பால் வரலாற்றில் இந்த ஓர் இடத்தில் ஆடியவர்களைப் போல் திறமை குவிந்த இடம் வேறு இல்லை என்பது என் எண்ணம். முதலில் கையில் எண்கள் இருக்கட்டும். ஹிட் என்றால் அடித்துவிட்டு பேஸை (ஓடி எட்ட வேண்டிய நான்கு இடங்களில் ஒன்றை) எட்டுவது, ஹோம் ரன் என்றால் நான்கு பேஸையும் சுற்றி வரும் அடி, ஸ்டீல் என்றால் அடி இல்லாமலே அடுத்த பேஸுக்கு ஓடித் திருடுவது.

வில்லி மேஸ் (1951–1973): 660 ஹோம் ரன், 3,293 ஹிட், சராசரி .301, ஸ்டீல் 339, வார் 156
டை காப் (1905–1928): 117 ஹோம் ரன், 4,189 ஹிட், சராசரி .366, ஸ்டீல் 897, வார் 151
ட்ரிஸ் ஸ்பீக்கர் (1907–1928): 117 ஹோம் ரன், 3,514 ஹிட், சராசரி .345, வார் சுமார் 135
மிக்கி மேன்டில் (1951–1968): 536 ஹோம் ரன், 2,415 ஹிட், சராசரி .298, வார் 110
கென் கிரிஃபி ஜூனியர் (1989–2010): 630 ஹோம் ரன், 2,781 ஹிட், சராசரி .284, வார் 84
ஜோ டிமாஜியோ (1936–1951): 361 ஹோம் ரன், 2,214 ஹிட், சராசரி .325, வார் 79

மேஸின் ஹிட் கணக்கு பழைய புத்தகங்களில் 3,283 என்று இருக்கும். 1948இல் நீக்ரோ லீகில் (கறுப்பின ஆட்டக்காரர்களின் தனி லீக்) பர்மிங்ஹாம் பிளாக் பேரன்ஸ் அணிக்காக அவர் அடித்த 10 ஹிட்களை 2024இல் சேர்த்துவிட்டார்கள்.

என் ஓட்டு மேஸுக்குத்தான். ஹிட்டில் காப் மேலே, அடிக்கும் வேகத்தில் மேன்டில் மேலே, கோப்பையில் டிமாஜியோ மேலே. ஆனால் எந்தக் கணக்கை எடுத்தாலும் கீழே போகாத ஒரே ஆள் மேஸ். அடித்தார், ஓடினார், பிடித்தார், எறிந்தார், 22 சீசன் ஆடினார். மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகில் 1956 முதல் 1959 வரை தொடர்ந்து நான்கு வருடம் ஸ்டீலில் முதலிடம் பிடித்தவர், 1955இலும் 1965இலும் 50 ஹோம் ரன்களைத் தாண்டினார். இரண்டும் ஒரே உடம்பு என்பதை யோசித்துப் பாருங்கள்.

---

யாங்கீஸ் மணி

செழியன், மொத்தக் கணக்கைப் போட்டால் அதிக நாள் ஆடியவர்தான் எப்போதும் ஜெயிப்பார். நான் மேன்டில் பக்கம். ஒவ்வொரு முறை மட்டையோடு நிற்கும்போதும் என்ன நடந்தது என்று பாருங்கள்.

ஓ.பி.எஸ். பிளஸ்: மேன்டில் 172, மேஸ் 155. பேஸை எட்டிய விகிதம்: மேன்டில் .421, மேஸ் .384. மேன்டிலுக்குக் கிடைத்த வாக் (நான்கு தவறான பந்துகளால் இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்) 1,733. மேஸுக்குச் சுமார் 1,460தான், அதுவும் 2,500க்கும் அதிகமான வாய்ப்புகள் கூடுதலாகக் கிடைத்த பிறகு.

1956இல் .353 சராசரி, 52 ஹோம் ரன், 130 ஆர்.பி.ஐ. (அவர் அடியால் வந்த ரன்) என்று டிரிபிள் கிரவுன், அதாவது மூன்றிலும் லீகில் முதலிடம். அடுத்த வருடம் சராசரி .365, பேஸை எட்டிய விகிதம் .512. அதாவது இரண்டில் ஒரு முறைக்கும் மேலாக அவரை அவுட் ஆக்க முடியவில்லை. எம்.வி.பி. (லீகில் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது) மூன்று, மேஸுக்கு இரண்டு.

இன்னொன்று. சாம்பியனை முடிவு செய்யும் உலகத் தொடரில் மேன்டில் 65 ஆட்டங்களில் 18 ஹோம் ரன். அது இன்றும் சாதனை. மேஸ் 20 உலகத் தொடர் ஆட்டங்களில் ஒரு ஹோம் ரன் கூட அடிக்கவில்லை. பெரிய மேடையில் யார் என்று கேட்டால் எனக்குச் சந்தேகமே இல்லை.

---

கிரிக்கெட் கண்ணன்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இரண்டு வருடமாகத்தான் பேஸ்பால் பார்க்கிறேன். சராசரி .301 என்றால் உண்மையில் என்ன? வார் என்பது என்ன கணக்கு? அப்புறம், சென்டர் ஃபீல்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு மரியாதை? ஓரத்தில் நிற்பவரும் அதே பந்தைத்தானே பிடிக்கிறார்?

---

எண் செல்வி

கண்ணன், நல்ல கேள்விகள். சுருக்கமாகச் சொல்கிறேன்.

கிரிக்கெட் சராசரி ஒரு அவுட்டுக்கு எத்தனை ரன் என்று சொல்கிறது. இங்கே அது ஹிட்களை மட்டைவாய்ப்பால் வகுத்த எண். வாக் கணக்கில் வராது. .300 என்றால் பத்தில் மூன்று முறை ஹிட். இத்தனை வருடம் அதைத் தக்கவைப்பது பெரிய விஷயம்.

ஓ.பி.எஸ். பிளஸ் என்பது பேஸை எட்டுவதையும் பலமாக அடிப்பதையும் சேர்த்து, மைதானம், அந்த வருடத்து லீக் நிலவரம் இரண்டையும் சரிக்கட்டிய எண். 100 என்றால் அந்தக் காலத்துச் சராசரி ஆட்டக்காரர்.

வார் என்பது, அவசரத்துக்கு மைனர் லீகிலிருந்து அழைத்து வரக்கூடிய ஒருவரை விட இந்த ஆட்டக்காரர் எத்தனை வெற்றிகளைக் கூடுதலாகத் தந்தார் என்ற கணிப்பு. சுமார் 10 ரன் ஒரு வெற்றிக்குச் சமம். மட்டை, ஓட்டம், தடுப்பு எல்லாம் உள்ளே வரும். ஒரு சீசனில் 8 எடுத்தால் எம்.வி.பி. பேச்சில் பெயர் அடிபடும். 2003க்கு முந்தைய தடுப்பாட்டக் கணக்கு, எழுதி வைத்த ஸ்கோர் விவரங்களிலிருந்து பின்னாளில் போட்டது. அதனால் பழைய ஆட்டக்காரர்களின் வாரில் இரண்டு மூன்று வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காப் 151, மேஸ் 156 என்பதை நான் ஏறக்குறைய சமம் என்றே படிப்பேன். 110க்கும் 156க்கும் நடுவே இருப்பது அப்படி அல்ல.

சென்டர் ஃபீல்டர் மூன்று அவுட்ஃபீல்டர்களில் மிக அதிகப் பரப்பைக் காப்பவர். இரண்டு பேர் ஒரே பந்துக்கு ஓடினால் அவர் குரல் கொடுத்ததும் மற்றவர் விலக வேண்டும். ஓடக் கால் வேண்டும், பந்து மட்டையில் படும் சத்தத்திலேயே திசை தெரிய வேண்டும். அப்படிப்பட்டவர் கிடைப்பது அரிது. அவரே 500 ஹோம் ரன் அடிப்பவராகவும் இருந்தால்? அதனால்தான் மரியாதை. வார் கணக்கிலும் இந்த இடத்துக்கு ஒவ்வொரு சீசனும் சில ரன்கள் கூட்டுவார்கள், இரு ஓரத்து இடங்களுக்கும் கழிப்பார்கள்.

மணி அண்ணே, உங்கள் 172 உண்மை. ஆனால் மேன்டில் மட்டையோடு நின்றது சுமார் 9,900 முறை, மேஸ் 12,500 முறை. அந்த 2,600 முறை என்பது நான்கு முழு சீசன். மேஸ் 1957 முதல் 1968 வரை தொடர்ந்து 12 கோல்டு க்ளவ் (தடுப்பாட்டத்துக்கான விருது) வாங்கினார். அந்த விருது தொடங்கியதே 1957இல்தான். மேன்டிலின் கடைசி இரண்டு சீசன் முதல் பேஸில் கழிந்தது. இந்த இரண்டையும் சேர்த்தால் வாரில் 46 வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று புரியும்.

உலகத் தொடர் வாதத்தை நான் ஏற்க மாட்டேன். 20 ஆட்டம் என்பது ஒரு மாதம் கூட இல்லை. நல்ல ஆட்டக்காரர்கள் ஜூன் மாதம் முழுவதும் ஹோம் ரன் இல்லாமல் இருப்பதை வருடா வருடம் பார்க்கிறோம்.

---

பழைய ஏடு

உலகத் தொடர் என்று வந்துவிட்டதால் இரண்டு ஆட்டங்களைச் சொல்ல வேண்டும். எண்களைத் தனியாக நம்பக்கூடாது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவை இவை.

முதலாவது 1954 செப்டம்பர் 29, நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸ், உலகத் தொடரின் முதல் ஆட்டம். எதிரே அந்த சீசனில் 111 ஆட்டம் ஜெயித்த கிளீவ்லாந்து. எட்டாவது இன்னிங்ஸ், 2-2 சமநிலை, யாரும் அவுட் இல்லை. இரண்டாவது பேஸில் லாரி டோபி, முதல் பேஸில் அல் ரோசன். விக் வெர்ட்ஸ் நடுவே ஆழமாக அடித்தார், 400 அடியைத் தாண்டிப் போகும் அடி. மேஸ் மட்டையாளருக்கு முதுகைக் காட்டி ஓடி, தோளுக்கு மேலே வந்த பந்தை இரண்டு கையாலும் பிடித்தார். எல்லோரும் நினைவில் வைத்திருப்பது அந்தப் பிடியை. எனக்கு அதைவிடப் பெரிது அடுத்த நொடி. நிற்காமல் சுழன்று பந்தை உள்ளே எறிந்தார், தொப்பி பறந்தது. டோபி மூன்றாவது பேஸ் வரைதான் போக முடிந்தது, ரோசன் முதல் பேஸிலேயே நின்றார். அந்த இன்னிங்ஸில் ரன் இல்லை.

பத்தாவது இன்னிங்ஸில் மேஸின் அணியான ஜயன்ட்ஸின் டஸ்டி ரோட்ஸ் வலது ஓரத்தில் அடித்த பந்து சுமார் 260 அடிதான் போனது. அது ஹோம் ரன், மூன்று ரன், ஆட்டம் 5-2. அந்த மைதானத்தின் வலது ஓரச் சுவர் அவ்வளவு கிட்டே இருந்தது. 400 அடி தாண்டியவன் அவுட், 260 அடி அடித்தவன் நாயகன். மைதானத்தைக் கணக்கில் எடுக்காமல் ஹோம் ரன் எண்ணிக்கையை ஒப்பிடக் கூடாது என்பதற்கு இந்த ஒரு நாள் போதும்.

டிமாஜியோவின் 361ஐயும் இதே கண்ணோடு பாருங்கள். அவர் வலது கை மட்டையாளர். அவர் அணியின் யாங்கீ ஸ்டேடியத்தில் இடது நடுப்பகுதிச் சுவர் 457 அடி. சொந்த மைதானத்தில் 148 ஹோம் ரன், வெளியூரில் 213. மூன்று சீசன் (1943–45) போர்க்காலத்தில் ராணுவச் சேவைக்குப் போனது. அத்தனைக்கும் வாழ்க்கை முழுவதும் ஸ்டிரைக் அவுட் (மூன்று ஸ்டிரைக் வாங்கி அவுட் ஆவது) 369தான். இப்போதுள்ள அடிதடி மட்டையாளர்கள் இரண்டே சீசனில் அதை எட்டிவிடுவார்கள்.

இரண்டாவது ஆட்டம் 1951 அக்டோபர் 5. உலகத் தொடர், யாங்கீ ஸ்டேடியம். நடுவில் கடைசி சீசன் ஆடும் டிமாஜியோ. வலது களத்தில் 19 வயது மேன்டில். மட்டையில் 20 வயது மேஸ். மேஸ் அடித்த பந்து இருவருக்கும் நடுவே உயர்ந்தது. மேன்டில் பாய்ந்து வந்தார், டிமாஜியோ குரல் கொடுத்ததும் சட்டென்று நின்றார். புல்லில் இருந்த வடிகால் மூடியில் ஷூவின் ஆணி மாட்டியது. வலது முழங்கால் போனது. பந்தை டிமாஜியோ பிடித்துவிட்டார். செழியன் போட்ட பட்டியலில் ஆறில் மூன்று பேர் ஒரே பந்தில். மணி, உங்கள் ஆள் 536 அடித்தது இந்த முழங்காலோடு.

---

யாங்கீஸ் மணி

ஏடு ஐயா, நான் சொல்ல வந்ததை நீங்கள் முந்திக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு அவர் முழு உடம்போடு ஆடவே இல்லை. கால் நன்றாக இருந்திருந்தால் இந்த இழையே வேண்டியிருக்காது.

.298 பற்றியும் ஒரு வார்த்தை. 1967 முடிவில் அவர் சராசரி .302. 1968இல் .237 அடித்ததால் .300க்குக் கீழே வந்துவிட்டது. இது கடைசிவரை அவருக்கு உறுத்தியது. ஆனால் 1968 எப்படிப்பட்ட வருடம்? அமெரிக்கன் லீக் முழுவதன் சராசரியே .230. லீகில் முதலிடம் பிடித்த யஸ்ட்ரெம்ஸ்கி .301. அடுத்த வருடம் பிட்சர் (பந்து எறிபவர்) நிற்கும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 ஆகக் குறைத்தார்கள் என்றால் பாருங்கள். அந்த வருடத்திலும் மேன்டில் 100க்கும் மேல் வாக் எடுத்தார், ஓ.பி.எஸ். பிளஸ் 140ஐத் தாண்டியது. விடைபெறும் வருடத்தில் லீக் சராசரியை விட 40 சதவீதம் மேலே!

---

செழியன்

மணி, கால் நன்றாக இருந்திருந்தால் என்று நீங்கள் தொடங்கினால் நானும் தொடங்குவேன். 1952இல் 34 ஆட்டத்தோடு மேஸை ராணுவம் கூட்டிப் போனது. 1953 முழுவதும் இல்லை. திரும்பி வந்த 1954இல் .345 சராசரி, 41 ஹோம் ரன், எம்.வி.பி. பேப் ரூத்தின் 714 ஹோம் ரன்னைத் தொட மேஸுக்கு 54 போதவில்லை. இரண்டு வருடத்துக்கு 27, 27. ஆரோன் 1974இல் ரூத்தைத் தாண்டினார். அதற்கு முன்பே மேஸ் தாண்டியிருப்பார் என்று நான் நம்புகிறேன்.

எம்.வி.பி. எண்ணிக்கை மூன்றா இரண்டா என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 1962இல் மேஸ் 49 ஹோம் ரன், 141 ஆர்.பி.ஐ., அணியை உலகத் தொடருக்குக் கொண்டுபோனார். விருது 104 ஸ்டீல் செய்த மாரி வில்ஸுக்குப் போனது. வருடா வருடம் சிறந்தவராகவே இருப்பவரைப் பார்த்து ஓட்டுப் போடுகிறவர்களுக்குச் சலிப்பு தட்டிவிடும்.

அவர் 1960 முதல் ஆடிய கேண்டில்ஸ்டிக் பார்க்கில் அடித்த பந்தைத் தடுக்கும் காற்றையும் மறக்க வேண்டாம்.

---

பழைய ஏடு

நீங்கள் இரண்டு பேரும் 1950களிலேயே நிற்கிறீர்கள். காப் பற்றி யாரும் பேசவில்லையே?

117 ஹோம் ரன் என்று பார்த்துவிட்டுத் தாண்டிப் போகக் கூடாது. 1920க்கு முன் பந்து மென்மையானது, அழுக்கேறியது, எச்சில் தடவி எறிவது சட்டப்படி சரி. ஹோம் ரன் என்பது அப்போது ஒரு விபத்து மாதிரி. 1909இல் காப் டிரிபிள் கிரவுன் எடுத்தார். ஹோம் ரன் எத்தனை தெரியுமா? ஒன்பது. ஒன்பதும் பந்து மைதானத்துக்குள்ளேயே இருக்க, ஓடியே எடுத்தவை. ஹோம் பேஸையே திருடியது 54 முறை. ஓ.பி.எஸ். பிளஸ் 168. மணி, மேன்டிலின் 172க்கு எவ்வளவு பக்கம் பாருங்கள், அதுவும் 24 சீசனுக்கு. 1936இல் ஹால் ஆஃப் ஃபேமுக்கு (பேஸ்பால் சாதனையாளர் மண்டபம்) முதல் தேர்தல் நடந்தபோது 226 பேரில் 222 பேர் காப்புக்கு ஓட்டுப் போட்டார்கள். ரூத்தை விட அதிகம்.

அவருடைய எண்களிலும் ஒரு கதை இருக்கிறது. 4,189ஆ, 4,191ஆ என்று இன்றும் இரண்டு கணக்கு. 1910இல் சராசரியில் முதலிடம் பிடிப்பவருக்கு சால்மர்ஸ் கம்பெனி கார் தருவதாக அறிவித்தது. கடைசி நாள் செயின்ட் லூயிஸில், காப்போடு முதலிடத்துக்குப் போட்டியிட்ட நாப் லாஜோய்க்கு எட்டு ஹிட். காப்பைப் பிடிக்காத செயின்ட் லூயிஸ் மேனேஜர், மூன்றாவது பேஸ்மேனை வெகு பின்னால் நிறுத்திவைத்ததால் மெல்லத் தட்டிவிட்டே லாஜோய் பேஸுக்கு ஓடினார். ஊர் சிரித்தது, மேனேஜர் வேலை போனது, கம்பெனி இருவருக்கும் கார் கொடுத்தது. பல பத்தாண்டுகள் கழித்து, காப்பின் ஓர் ஆட்டத்தை லீக் பதிவில் இரண்டு முறை சேர்த்திருந்தது தெரியவந்தது. அதனால்தான் சில பதிவுகளில் காப் 12 முறை முதலிடம், சிலவற்றில் 11.

ஸ்பீக்கரையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மென்பந்துக் காலத்தில் இரண்டாவது பேஸுக்குப் பக்கத்திலேயே நின்று ஆடியவர். அவுட்ஃபீல்டராக 449 அசிஸ்ட் (பந்தை எறிந்து அவுட்டுக்கு உதவியது), மட்டையால் 792 டபுள் (இரண்டாவது பேஸ் வரை எட்டிய அடி). இரண்டும் யாரும் தொடாத சாதனை.

---

எண் செல்வி

ஐயா, காப்பும் ஸ்பீக்கரும் ஆடிய லீகில் கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு இடமே கிடையாது. 1947இல் ஜாக்கி ராபின்சன் வரும் வரை அதுதான் நிலை. ஓ.பி.எஸ். பிளஸ் என்பது லீக் சராசரியோடு ஒப்பிடும் எண். நாட்டின் மிகச் சிறந்த பிட்சர்களில் ஒரு பகுதியினரை வாசலிலேயே நிறுத்திவிட்டு எடுத்த சராசரி அது. டிமாஜியோ ஆடிய காலத்தின் பெரும்பகுதிக்கும் இது பொருந்தும். மேஸ் எதிர்கொண்ட பிட்சர்களைப் பாருங்கள்: பாப் கிப்சன், கோஃபாக்ஸ் என்று, மரிசால் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும். மரிசால் இவரது சொந்த அணி!

அந்தப் பக்கம் நின்றவர்களில் ஒரு சென்டர் ஃபீல்டர் உண்டு, செழியனின் பட்டியலில் அவர் இல்லை. ஆஸ்கர் சார்ல்ஸ்டன். இண்டியானாபொலிஸ்காரர், இடது கை. நீக்ரோ லீகுகளின் பதிவுகளை மேஜர் லீக் 2024 மே மாதம் அதிகாரப்பூர்வமாகச் சேர்த்தபோது, வாழ்நாள் சராசரியில் ஜாஷ் கிப்சன் .372, காப் (லீகின் கணக்கில்) .367, மூன்றாவது சார்ல்ஸ்டன் .363. காப்பின் முதலிடம் அன்று கைமாறியது.

அவருடைய ஹோம் ரன், ஹிட் மொத்தங்களை மேஸ் பக்கத்தில் வைத்தால் சின்னதாகத் தெரியும். காரணம், அந்த லீகுகளின் சீசன் 60, 80 ஆட்டங்கள்தான் இருக்கும். மீதி நாள் ஊர் ஊராகப் போய்க் காட்சி ஆட்டம் ஆடிப் பிழைத்தார்கள். அந்த ஆட்டங்கள் கணக்கில் வரவில்லை. அதனால் சார்ல்ஸ்டனுக்கு விகிதங்கள் மட்டும்தான் பேசும், மொத்தம் பேசாது. ஆய்வாளர் பில் ஜேம்ஸ் 2001இல் எல்லா இடத்து ஆட்டக்காரர்களையும் வரிசைப்படுத்தியபோது சார்ல்ஸ்டனுக்கு நான்காவது இடம் கொடுத்தார். என் வரிசையில் காப்புக்கு மேலே வைப்பேன்.

---

சியாட்டில் சுதா

கிரிஃபியை ஒரு வரியோடு விட்டுவிட்டீர்களே! 84 வார் என்ற எண் அவருக்கு நியாயம் செய்யவில்லை. அதில் சுமார் 70, சியாட்டிலில் ஆடிய முதல் 11 சீசன்களிலேயே வந்துவிட்டது. 1999 முடிவில் வயது 29, ஹோம் ரன் 398. 1997, 1998 இரண்டிலும் 56, 56. பத்து கோல்டு க்ளவ். சின்சினாட்டி போனபிறகு தொடைத் தசை, தோள் என்று ஒவ்வொன்றாக விட்டது. 2002இல் 70 ஆட்டம், 2003இல் 53, 2004இல் 83. அந்த மூன்று வருடத்தையும் சேர்த்தாலே ஒன்றே கால் சீசன்தான் தேறும். அப்படியும் 630.

2016இல் 440 பேரில் 437 பேர் ஹால் ஆஃப் ஃபேமுக்கு ஓட்டுப் போட்டார்கள். மேஸுக்கு மேலே என்று நான் கேட்கவில்லை. டிமாஜியோவுக்கு மேலே வையுங்கள் என்கிறேன்.

---

யாங்கீஸ் மணி

சுதா, டிமாஜியோ விஷயத்தில் சம்மதிக்க மாட்டேன். 13 சீசனில் 9 கோப்பை, மூன்று எம்.வி.பி., 1941இல் தொடர்ந்து 56 ஆட்டங்களில் ஹிட். போர் வருடங்கள் மூன்றைத் திருப்பிக் கொடுத்தால் வாரிலும் அவர்தான் முன்னால் இருப்பார். ஓ.பி.எஸ். பிளஸ் 155க்கு எதிரே 136.

செழியனுக்கு: பத்து வருடத்துக்கு ஓர் ஆள் வேண்டும் என்றால் மேன்டில். இருபது வருடத்துக்கு என்றால் மேஸ். இதற்கு மேல் நான் இறங்கி வர மாட்டேன்.

---

கிரிக்கெட் கண்ணன்

மைக் ட்ரவுட் எங்கே வருவார்? நான் பார்க்கத் தொடங்கியதிலிருந்து அவர் பெயரைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள்.

---

எண் செல்வி

ட்ரவுட்டின் முதல் பத்து வருடத்தை யாரோடும் தாராளமாக வைக்கலாம், மேன்டிலோடும். 2012இல் முதல் முழு சீசனிலேயே 30 ஹோம் ரன், 49 ஸ்டீல். 2014, 2016, 2019இல் எம்.வி.பி. வாரில் டிமாஜியோவையும் தாண்டிவிட்டார். பிளேஆஃப் (சீசனுக்குப் பிந்தைய நாக் அவுட் சுற்று) என்றால் 2014இல் கன்சாஸ் சிட்டியிடம் மூன்று ஆட்டமும் தோற்றது மட்டும்தான். அதை அவர் தலையில் போட மாட்டேன், ஒன்பது பேர் ஆடும் ஆட்டம் இது.

2021இல் கெண்டைக்கால், 2023இல் கை எலும்பு, 2024இல் முழங்கால். 2025இல் 400வது ஹோம் ரன் அடித்தார். ஆனால் அந்த சீசனில் முழங்காலைக் காக்க முதலில் வலது களத்துக்கு மாற்றினார்கள், பிறகு பெரும்பாலும் டி.எச். (தடுப்புக்கு இறங்காமல் மட்டை மட்டும் பிடிப்பவர்) ஆகவே ஆடினார். மேன்டில் முதல் பேஸுக்குப் போனபோது வயது 35. ட்ரவுட் 33லேயே நடுக்களத்தை விட்டு நகர வேண்டியதாயிற்று. ஒப்பந்தம் 2030 வரை இருக்கிறது. என் வரிசை: மேஸ், சார்ல்ஸ்டன், காப், மேன்டில், ஸ்பீக்கர், ட்ரவுட், டிமாஜியோ, கிரிஃபி. கடைசி மூவரின் வரிசையை மாற்றச் சொல்லி யார் வந்தாலும் கேட்டுக்கொள்வேன். சுதா, 1990களின் சியாட்டில் மைதானக் காரணியை (மைதானம் மட்டையாளருக்கு எவ்வளவு உதவியது என்ற எண்) எடுத்துக்கொண்டு வாருங்கள், அங்கிருந்து தொடங்குவோம்.